ஈறு நிறப் பாதம்

அத்தியாயம் ஒன்பது

நான்காவது தொட்டியைத் தூக்கும்போதே வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டுவிட்டது.

மருமகள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பதினோரு மணிக்கு வருகிறேன் என்ற அதிகாரி எட்டே முக்காலுக்கே வந்து நின்றால் என்ன செய்வது? முழங்கால் வரை சேறு. கையில், மெழுகு செதுக்குகிற சின்னக் கத்தி. அதன் தட்டை முனையைச் சேற்றில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தாள்.

ஐந்து விரல், விரல்களுக்கு நடுவே சவ்வின் மெல்லிய கோடு, பின்னால் மெத்தென்று ஒரு குழி. எல்லாம் ஒரு நொடியில் வெறும் சேறாகிவிட்டது.

இன்னும் மூன்று.

ஐந்தாவது தொட்டியின் மேலிருந்த செங்கல்லை எடுத்தாள். கொய்யா மரத்து அணில் அவளைப் பார்த்து ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது.

"சும்மா இருடா, நீ வேற!" என்று பல்லைக் கடித்தாள்.

பக்கவாட்டுச் சந்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "வாங்க மேடம், இப்படியே போயிடலாம். வீட்டுக்குள்ள நுழைஞ்சா காபி அது இதுன்னு நேரமாயிடும்."

செங்கல் கைநழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. வாய்விட்டுக் கத்தக்கூட வழியில்லை.

எட்டு வாரமாகக் கூடவே வருகிறவர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போகலாம். இன்றைக்குத்தான் கேட்டைத் திறந்து உள்ளே வருகிறவர்களுக்காக ஒரு சுருக்கம்.

மருமகள் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். இவள் மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்து, பிளாஸ்டரில் அச்சாக்கி, ஈறு நிற அக்ரிலிக்கை ஊற்றி வேகவைத்துக் கொடுப்பாள். மாமனார் ரிட்டயரான சர்வேயர். வேலையை விட்டாரே தவிர, அளப்பதை விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் கால்வாய் வரை நீளும் தோட்டத்துக்கு எது வந்தாலும் நோட்டில் ஏற்றிவிடுவார். மீன்கொத்தி எத்தனை மணிக்கு, எந்தக் கிளையில். உடும்பு எத்தனை அடி. குளத்தோரத் தேரை நேற்றைவிட எத்தனை அங்குலம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. (குளம் என்று வீட்டில் சொல்கிறார்கள். தரையோடு பதித்த சிமெண்ட் தொட்டிதான். எட்டு மீன் இருந்தது. கொக்கின் புண்ணியத்தில் இப்போது மூன்று.)

ஆறு மாதத்துக்கு முன்னால், கால்வாய்க் கரையில் சுவர் கட்டப்போகிறோம் என்று தெருவுக்கே நோட்டீஸ் வந்திருந்த சமயம். ஒரு காலை மாமனார் வந்து சொன்னார்: "நம்ம குளத்துக்கு நீர்நாய் வந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

மகன் சிரித்தான். சிரித்ததோடு விடாமல், மறதி டாக்டரிடம் நாள் குறித்தான். அன்றிலிருந்து மாமனார் நோட்டைத் திறக்கவில்லை. சாப்பாடு பாதியாகக் குறைந்தது. பேச்சு கால்வாசி ஆனது.

மருமகளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. செல்போனில் நீர்நாயின் கால்தடப் படத்தைப் பார்த்து மெழுகில் செதுக்கினாள். பிளாஸ்டர் அச்செடுத்தாள். லேபில் மிச்சமிருந்த அக்ரிலிக்கில் ஒரு பாதம் வார்த்தாள். ஈறு நிறத்தில், பளபளவென்று, அசல் பல் செட்டின் பங்காளி போல ஒரு பாதம். வாரத்தில் இரண்டு நாள், விடியும் முன்னால் குளத்தோரச் சேற்றில் பதித்துவிட்டு வந்தாள்.

மாமனார் நிமிர்ந்துவிட்டார். நோட்டு திறந்தது. தட்டு காலியானது. டாக்டர் சீட்டு குப்பைக்குப் போனது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் தடத்தின் படங்களோடு வனவிலங்கு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். நீர்நாய் பாதுகாக்கப்பட்ட பிராணியாயிற்றே! கால்வாய்ச் சுவர் வேலை நின்றது. சுவர் இல்லாத கரையில், மழைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறியது. ஏறியது இந்த வீட்டுக்குள் அல்ல. பக்கத்து வீட்டு டைலர் அக்காவின் தையல் அறைக்குள். இரண்டாவது முறை தனி ஆளாக மெஷினைக் கட்டில் மேல் தூக்கப்போய், வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

வலது கை உடைந்த டைலர்.

பத்து நாளாக மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு அதிகாரி இறுதியாகப் பார்த்து அறிக்கை எழுத வருகிறார். தடமே இல்லையென்றால் நீர்நாயும் இல்லை, சுவர் வந்துவிடும், யாரும் யாரிடமும் எதையும் சொல்லவேண்டியதில்லை. இதுதான் அவள் போட்ட கணக்கு. ஆனால் மாமனார் முந்திக்கொண்டார். மழையில் கரையாமல் இருக்க ஒவ்வொரு தடத்தின் மேலும் பிளாஸ்டிக் தொட்டி கவிழ்த்து, செங்கல் வைத்து, சாக்பீஸால் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டிருந்தார்.

அந்த ஏழில் நான்குதான் அழிந்திருக்கிறது. மாமனார் வந்துவிட்டார்.

"ஏம்மா... என்ன பண்றே?"

"தொட்டியெல்லாம் ஒரே அழுக்கு மாமா. மேடம் வர்றாங்களேன்னு கழுவலாம்னு..."

அவர் ஒன்றாம் எண்ணைப் பார்த்தார். இரண்டை, மூன்றை, நான்கைப் பார்த்தார். குழந்தையின் கையிலிருந்து பலூன் பறந்து போனதைப் போல அவர் வாய் லேசாகத் திறந்தபடி நின்றது.

"தடமெல்லாம் எங்க?"

"பூனை கிளறியிருக்கும் மாமா."

"தொட்டிக்கு அடியிலயா?"

கூட வந்த அதிகாரி மருமகளின் முழங்காலைப் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். ஆளைவிடப் பெரிய பூட்ஸ்.

"சீக்கிரம் வந்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வீட்டு பாத்ரூம்ல பாம்புன்னு கூப்பிட்டாங்க. போனா தோட்டத்து ஹோஸ் பைப். வேலை சட்டுன்னு முடிஞ்சிடுச்சு." தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "சின்னக் காடே வச்சிருக்கீங்க சார்!"

மாமனாருக்கு உயிர் வந்தது. "மூணு தடம் பத்திரமா இருக்கு மேடம். அஞ்சு, ஆறு, ஏழு. தடத்துக்குத் தடம் நாப்பத்தெட்டு சென்டிமீட்டர். குளத்துலேர்ந்து நேரா கால்வாய்ப் பக்கம் போகுது. வரைபடமே போட்டிருக்கேன்."

நாற்பத்தெட்டு. அது மருமகள் சேற்றில் எட்டுவைத்து நடக்கும் தூரம்.

அதிகாரி மண்டியிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்து போட்டோ எடுத்தாள். குனிந்து பார்த்தாள். ஆறுக்குப் போனாள், ஏழுக்குப் போனாள், மறுபடி ஐந்துக்கு வந்தாள்.

"சார், இங்க பாருங்க. நடுவிரல்ல ஒரு சின்னப் புள்ளி தெரியுதா?"

"தெரியுது. அது அதோட அடையாளம். பழைய காயமா இருக்கும். நோட்டுல எழுதியிருக்கேன்."

"மூணு தடத்துலயும் அதே விரல், அதே இடம். எல்லாக் கால்லயும் ஒரே மாதிரி காயம் பட்டுச்சா?"

மருமகளுக்குக் காது சூடாகியது. காயமாவது ஒன்றாவது! பிளாஸ்டர் ஊற்றும்போது சிக்கிக்கொண்ட காற்றுக் குமிழி. லேபில் இப்படி ஒரு செட் போனால், மேற்பார்வையாளர் முகத்தில் விட்டெறிவார்.

அதிகாரி எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "எனக்கு முழுசா திருப்தி இல்ல சார். ஆனா சந்தேகம்னு வந்தா நாங்க பிராணி பக்கம்தான் நிப்போம். ஒரு கேமரா வைக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுக்கப் பாக்கணும். அதுவரைக்கும் சுவர் வேலை நடக்காதுன்னு எழுதிடறேன்."

தப்பித்தாயிற்று. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். மாமனார் மனுஷனாக இருப்பார். கேமராவில் எதுவும் சிக்காவிட்டால், வரவில்லை போல என்று முடிந்துவிடும்.

இன்னொரு மழைக்காலம் முழுக்க.

"என்ன அண்ணே, உங்க விருந்தாளி விவகாரம் முடிஞ்சுதா?"

வேலிக்கு அந்தப் பக்கம் டைலர் அக்கா. வலது கையில் மாவுக்கட்டு, கழுத்தில் தொங்கும் தூளி. துணி வெட்டிய துண்டிலேயே பூப்போட்டுத் தைத்த தூளி. ஒற்றைக் கையால் எப்படித் தைத்தாளோ!

"முடியல அக்கா. இன்னும் ஒரு சீசன் பாக்கணுமாம்" என்றாள் அதிகாரி. "உங்களுக்குத்தான் கஷ்டம். நீங்க ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். உங்களுக்கு உரிமை இருக்கு."

"நான் எதுக்கும்மா எழுதப்போறேன்?" டைலர் அக்கா சிரித்தாள். "எழுதற கை இப்படித் தொங்குது. அதை விடுங்க. ஒரு உயிரு, வேற போக்கிடம் இல்லாம இங்க வருது. வந்துட்டுப் போகட்டும். தண்ணி வந்தா கட்டில் மேல ஏறிக்கறேன். அண்ணன் மூஞ்சியில இப்பதான் சிரிப்பைப் பாக்கறேன், அதைக் கெடுப்பேனா?"

மருமகளுக்குள் எதுவோ அறுந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஆட்சேபம் எழுதியிருந்தால், நல்லதாகப் போயிற்று என்று நிம்மதியாகக்கூட இருந்திருப்பாள். இந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

இடுப்பில் செருகியிருந்த துணிப் பொட்டலத்திலிருந்து ஈறு நிறப் பாதத்தை உருவினாள். குனிந்து, ஏழாம் எண் தடத்துக்குப் பக்கத்தில் அழுத்தி, எடுத்தாள்.

ஐந்து விரல். சவ்வு. நடுவிரலில் ஒரு புள்ளி.

குளத்து மேல் கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி எதையோ நினைத்துக்கொண்டு பறந்து போயிற்று.

"அது என்னது, பல் செட்டா?" என்றாள் டைலர் அக்கா.

"நான்தான் அக்கா." குரல் கம்மியது. "எல்லாமே நான் செஞ்சதுதான். மாமா நிஜமாவே ஒரு தடவை பாத்தார். யாரும் நம்பல. நம்ப வைக்கணும்னு நான்தான்... சுவர் நிக்கும்னு தெரியாது. உங்க வீட்டுக்குத் தண்ணி வரும்னு சத்தியமா தெரியாது."

"மொதத் தடவை வந்தப்ப தெரிஞ்சுதே?"

டைலர் அக்கா கோபமாகக் கேட்கவில்லை. தைக்கக் கொடுத்த துணியில் எத்தனை இஞ்ச் விடணும் என்று கேட்கிற அதே குரல்.

"தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே கண்ணு. கை மிஞ்சியிருக்கும்."

அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அதிகாரி போனை அணைத்துப் பையில் போட்டாள். "நாளைக்கு ஆபீஸ் வந்து நடந்ததை உங்க கையால எழுதிக் கொடுங்க. என்ன நடவடிக்கைன்னு மேல இருக்கறவங்க சொல்வாங்க. நான் பாத்து எழுதறேன், அதுக்கு மேல என் கையில இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "எங்க ஆபீஸ்ல ஸ்கூல் பசங்களுக்குக் காட்ட மாதிரித் தடங்கள் இருக்கு. இதைவிட மோசமா இருக்கும். அதைச் சொல்லாம இருக்க முடியல."

மாமனாரிடம் திரும்பினாள். "சார், தடையை எடுத்துடறேன். சுவர் வேலை உடனே ஆரம்பிச்சிடும். திங்கட்கிழமை சர்வே ஆளுங்க வந்து எல்லா வீட்டுப் பின்பக்கமும் எல்லை பிரிச்சு அளப்பாங்க. இருந்து காட்டிக் கொடுத்துடுங்க."

மாமனார் தலையை ஆட்டினார். மருமகளைப் பார்க்கவே இல்லை. குனிந்து தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். ஏழையும் அடுக்கித் தூக்கும்போது கை நழுவி எல்லாம் தடதடவென்று உருண்டன. திரும்ப அடுக்கவில்லை. உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தாழ்ப்பாள் போடும் சத்தம் தோட்டம் வரை கேட்டது.

மகன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது.

மகனுக்கு வீட்டிலும் தெருவிலும் பேர் 'பிரேக்'. டிரைவிங் ஸ்கூலில் பதினாறு வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறவன். அவன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் வண்டியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, யாராவது ஏடாகூடமாகப் பேச ஆரம்பித்தாலே வலது கால் தன்னால் தரையை அழுத்தும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அந்த இடத்தில் தரை தேய்ந்தே போயிருக்கிறது.

"என்ன பல் டாக்டர், வீடே ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு?" என்றபடி உட்கார்ந்தான்.

மருமகள் சொன்னாள். நிறுத்தாமல், மூச்சுவிடாமல், ஒன்றுவிடாமல் சொன்னாள். மேஜைக்கு அடியில் கால் மூன்று முறை அழுந்தியது. நான்காவது முறை அழுத்திய கால் எழும்பவே இல்லை.

"ஆறு மாசம்" என்றான். "ஆறு மாசமா பக்கத்துல படுத்திருக்கேன். காலங்கார்த்தால எழுந்து போனா, வாக்கிங்னு நெனச்சேன். உடம்பைப் பாத்துக்கறாளேன்னு சந்தோஷப்பட்டேன்!"

"திட்டுங்க."

"திட்டறேன், இரு. எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல." தட்டைத் தள்ளி வைத்தான். "என்னைத் திட்டிட்டுத்தான் உன்னைத் திட்டணும். அப்பா பாத்தேன்னு சொன்னப்ப சிரிச்சவன் நான். டாக்டர்கிட்ட நாள் வாங்கினவன் நான். ஒரு தடவை கூடப் போய் உக்காந்து, 'எப்படிப்பா இருந்துச்சு அது, வால் எவ்வளவு நீளம்'னு கேட்டிருந்தா நீ அந்தக் காலைச் செஞ்சிருப்பியா?"

அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

"செஞ்சிருக்க மாட்டே." எழுந்து கை கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். "டைலர் அக்காவைப் போய்ப் பாத்தியா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கறது ஒண்ணுதானே? அதையே வச்சுக்கிட்டுப் போ."

போனாள்.

தையல் அறை, வீட்டின் பின்னால், இரண்டு படி இறங்கிப் போகிற பள்ளத்தில் இருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு கோடு. மூன்று மெஷினில் ஒன்று கட்டில் மேல் இருந்தது. மற்ற இரண்டின் இரும்புக் கால்களில் துரு பூத்திருந்தது. ஈரத் துணியின் வாடை.

டைலர் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டு, இடது கையால் ஊசியில் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி, முழங்காலில் வைத்த திண்டில் குத்தி நின்றது. நூல் காதைத் தவிர எல்லாப் பக்கமும் போனது.

மருமகள் வாசலில் நின்றாள். "அக்கா..."

"நிக்கறதுக்கு இதைக் கோத்துக் கொடு."

கோத்துக் கொடுத்தாள். டைலர் அக்கா இன்னொரு ஊசியை நீட்டினாள். அதையும் கோத்தாள். இன்னொன்று. வெள்ளை நூல், கறுப்பு நூல், நீலம். பன்னிரண்டு ஊசி. பல்லுக்கு நடுவே மயிரிழை இடைவெளியைச் செதுக்குகிற கை, ஆறாவது ஊசியிலேயே காதைத் தவறவிட்டது.

"அழாத. நூல் நனைஞ்சா காதுல நுழையாது."

"மெஷினை எல்லாம் எங்க வீட்டுக்குக் கொண்டு போயிடலாம் அக்கா. உங்க கை சரியாகற வரைக்கும் நான் சாயங்காலம் சாயங்காலம் வந்து..."

"நீ வந்து? உனக்குப் பல்லு தைக்கத் தெரியும், பாவாடை தைக்கத் தெரியுமா?" என்ற டைலர் அக்கா, சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டாள். இன்னும் சிரிக்கிற நேரம் வரவில்லை என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். "எல்லாத்தையும் நீயே தலையில தூக்கிப் போட்டுக்காத. உன் மேல கோவம் இருக்கு. நிறைய இருக்கு. நாளைக்கும் இருக்கும். ஆனா தண்ணி என்ன உன்னைக் கேட்டுக்கிட்டா வருது? இந்தப் பள்ளத்துல ரூமைக் கட்டினது நான்தானே? வேற எங்க கட்டறது? என் இடம் வேலியோட முடிஞ்சு போச்சே."

மருமகள் எழுந்தாள். மன்னிப்புக் கேட்டாளா, கேட்கவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. படியேறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்கும் வா. ஊசி பாக்கி இருக்கும்."

நான்கு மணிக்கு மாமனாரின் அறைக் கதவு திறந்தது.

முகம் கழுவி, சட்டை மாற்றி, தலை வாரியிருந்தார். ஆபீசுக்குக் கிளம்புகிற மாதிரி. கையில் தோல் உறை போட்ட பழைய டேப்.

"பின்னாடி வாம்மா" என்றார்.

காலையிலிருந்து அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. மருமகள் பின்னாலேயே ஓடினாள்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. நாலு பேர் முன்னாடி உங்களை அப்படி ஆக்கியிருக்கக் கூடாது. நீங்க பாத்ததை நான் ஒரு நாளும் சந்தேகப்படல. நீங்க பாத்தது நிஜம், நான் செஞ்சதுதான் பொய்..."

"நான் பாக்கல."

அவள் நின்றுவிட்டாள்.

"நான் எந்த நீர்நாயையும் பாக்கலம்மா. வால் எப்படி இருக்கும்னு கூடத் தெரியாது. பேப்பர்ல படிச்சிருந்தேன். அது இருக்கற இடத்துல எந்தக் கட்டடமும் கட்ட முடியாதுன்னு. அவ்வளவுதான் தெரியும்."

குளத்தோரத்தில் கவிழ்ந்து கிடந்த தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். தேரை ஒன்று தாவித் தண்ணீருக்குள் விழுந்தது. வழக்கமாக இதற்குள் நோட்டை எடுத்திருப்பார்.

"அவன் சிரிச்சான். போகட்டும், சொன்னதோட விட்டுடுவோம்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் காலையில வர்றேன், சேத்துல தடம் இருக்கு. அஞ்சு விரல். நான் இல்லாததைச் சொன்னேன், அது நிஜமா வந்து நிக்குது. இங்கயே உக்காந்துட்டேன். நான் பாத்ததா சொன்னதை நீங்க நம்பினதுக்காக நான் சந்தோஷமா இருந்தேன்னு நெனச்சியா? இல்லம்மா. எனக்கு மன்னிப்புக் கிடைச்சிடுச்சுன்னு நெனச்சேன். பரவாயில்ல, இருந்துட்டுப் போன்னு யாரோ எழுதி அனுப்பின மாதிரி இருந்துச்சு."

ஆறு மாதமாக அவர் தட்டைக் காலி செய்தது எதனால் என்று மருமகளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அதைத்தான் இன்று காலை எல்லார் முன்னாலும் அவள் பறித்திருக்கிறாள்.

"எதுக்கு மாமா மன்னிப்பு?"

அவர் டேப்பின் வளையத்தை அவளிடம் நீட்டினார். "இதைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்து மதில்ல வச்சு அழுத்திப் பிடி. அடியில. மதில் மாறாதது, அங்கேருந்துதான் கணக்கு."

பிடித்தாள். அவர் டேப்பை இழுத்துக்கொண்டு தோட்டத்தின் குறுக்கே, டைலர் அக்காவின் வேலியைப் பார்த்து நடந்தார். எலுமிச்சையைத் தாண்டினார். பூசணிக்கொடியைத் தாண்டினார். குளத்தை நெருங்கும்போது சிறு மேடு. அதில் ஏறி, டேப்பை இறுக்கி, குனிந்து எண்ணைப் பார்த்தார். நின்றார்.

"நம்ம பத்திரத்துல எத்தனை அடி?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"அகலமா? நாப்பதுன்னு நீங்கதான் சொல்வீங்க."

"விட்டுட்டு வா."

வந்தாள். அவர் பெருவிரலுக்கு நேரே டேப்பில் நாற்பது இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேலி இன்னும் தள்ளி இருந்தது. நடுவில் குளம் முழுசாக இருந்தது. கொய்யா மரம் இருந்தது. மீன்கொத்திக்காகக் கட்டிய கம்பி இருந்தது.

"இன்னும் பதினோரு அடி" என்றார். அளக்காமலே.

வேலிக்கு மேல் ஒரு தலை எட்டிப்பார்த்தது. "என்ன அண்ணே, இன்னிக்கு என்ன அளக்கறீங்க? இன்னொரு பிராணியா?" டைலர் அக்கா கேட்டாள். காலைக்குப் பிறகு அவள் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் கேலி திரும்பியிருந்தது.

மாமனார் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மருமகளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"திங்கட்கிழமை அவங்க அளந்து பாத்ததும், நான் அன்னிக்குத் தப்பா அளந்துட்டேன்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க. நீயும் நம்புவே. ஆனா என் சர்வீஸ்ல நான் ஒரு தடவைகூடத் தப்பா அளந்தது கிடையாதும்மா. மனை போட்டப்ப, 'எனக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களே அளந்து கல்லை நட்டுடுங்க அண்ணே'ன்னு அவ சொன்னா. சரியாத்தான் அளந்தேன். இந்த மேட்டைப் பாத்தேன். கல்லைக் கொண்டுபோய் இப்ப வேலி இருக்கற இடத்துல நட்டேன்."

அவர் காலடி மண்ணைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை வந்த தண்ணியும் இங்க ஏறல. அவ ரூமை இங்கதான் கட்டியிருக்கணும்."